ராஜாவை நிறுத்துகிற வார்த்தை

ஆரணி
12-2-1979

ராஜவேலு,

லாரி ஆபீசிலிருந்து மூட்டை வந்து சேர்ந்தது. உங்கள் கடைக்கு நான் அனுப்பிய கட்டம் போட்ட பட்டுப் புடவைகளில் பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொரு முந்தானையிலும் ஒரு சீட்டு. சீட்டில் இங்கிலீஷில் ஒரே வார்த்தை: செக். அடியில் உன் கையெழுத்து. அதையும் குண்டூசியால் குத்தியிருக்கிறாய். நெசவாளி வீட்டில் பிறந்தவன் பட்டில் குண்டூசி ஏற்றுவானா? பட்டணம் போனால் அதுவும் மறந்துபோகுமா?

செக் என்றால் எனக்குத் தெரிந்து பாங்கில் நீட்டுகிற காகிதம். கட்டம் போட்ட துணிக்கும் செக் என்றுதான் பெயர். பஸ்ஸில் டிக்கெட் கேட்டு ஏறுகிறவன் செக்கிங். களம்பூரிலிருந்து நெல் லாரி வரும்போது ரோட்டில் கட்டை போட்டு மறிக்கிற இடம் செக்போஸ்ட். இதில் எதை என் சரக்கில் குத்தினாய்? தெரியாமல் கேட்கவில்லை. உன் வாயால் வரட்டும் என்று கேட்கிறேன்.

இது சாதாரண ஆர்டர் இல்லை என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் என் சரக்கு இங்கே உங்கள் நெசவுத் தெரு முதலாளிகள் பெயரில்தான் பட்டணம் போயிற்று. என் பெயரில், நேராக, ஒரு பெரிய கடை கொடுத்த முதல் ஆர்டர் இது. இது போனால் மறுபடி அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே சரக்கு பார்க்கிற முறை உனக்குத் தெரியாததா? மற்ற வியாபாரி வந்தால் கூடத்தில் பாய் போடுவார்கள். எதிரே உட்காரவைத்துப் புடவையைப் பிரித்து, குறை இருந்தால் விரல் வைத்துக் காட்டுவார்கள். காலனியிலிருந்து வந்த எல்லப்பன் போனால் புடவை மட்டும் உள்ளே போகும். நான் படிக்கு வெளியே நிற்பேன். உள்ளே என்ன பார்த்தார்கள், எதைக் குறை என்றார்கள், எனக்குத் தெரியாது.

நீயும் அதையேதான் செய்திருக்கிறாய். படி கொஞ்சம் நீளம், ஆரணியிலிருந்து சென்னை வரைக்கும்.

எல்லப்பன்


சென்னை
19-2-1979

அன்புள்ள எல்லப்பா,

குண்டூசி தப்புதான். நான் குத்தவில்லை என்றாலும் என் மேஜையிலிருந்து போனது, அதனால் என் தப்பு.

நீ கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தில் நீ தூங்குவாய், நான் அகராதி புரட்டுவேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. உன் கடிதம் வந்த அன்றே கன்னிமரா நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன்.

நீ எழுதிய எல்லாமே ஒரே வார்த்தைதான். தாய் பாரசீகம். அங்கே ‘ஷா’ என்றால் ராஜா. சதுரங்கம் ஆடும்போது எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து என்றால் ‘ஷா’ என்று எச்சரிப்பார்களாம். அது அரபிக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், உருமாறி இங்கிலீஷில் ‘செக்’ ஆனது. ராஜாவுக்கே ஆபத்து என்றால் ஆட்டம் அங்கே நிற்கிறது இல்லையா? அதனால் செக் என்றால் நிறுத்து. நிறுத்தினால் பார்க்க வேண்டும். அதனால் சோதனை. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் இருக்கிற துணியும் செக். இங்கிலாந்து ராஜாவின் கணக்கர்கள் அப்படிக் கட்டம் போட்ட துணியை மேஜையில் விரித்து, அதில் காசு நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்களாம். பாங்குக் காகிதமும் இந்தக் குடும்பம்தான். ஏமாற்றாமல் இருக்க ஒத்துப் பார்க்கிற சீட்டு என்று அர்த்தம்.

உன் சரக்கில் நான் எழுதியது ‘நிறுத்தி வை’ என்கிற செக். ரிஜெக்ட் என்று எழுதவில்லை, கவனித்தாயா? கொஞ்ச நாள் பொறு. நானே வழி சொல்கிறேன்.

லீலாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? விசாரித்ததாகச் சொல்.

ராஜவேலு


ஆரணி
26-2-1979

ராஜவேலு,

ஒரு கேள்வி கேட்டால் பாரசீகம் வரைக்கும் போய் வருகிறாய், பக்கத்தில் இருக்கிற பதில் மட்டும் வரவில்லை. வியாபாரத்தில் இருபது வருஷம் ஓட்டியவன் நான். ஒருவன் கேட்காததையெல்லாம் விளக்கிச் சொன்னால் கேட்டதை மறைக்கிறான் என்று அர்த்தம்.

அதனால் நானே பார்த்தேன். திரும்பி வந்த புடவைகளை என் வீட்டில் பாய் போட்டு முழு நீளத்துக்கும் பிரித்தேன். ஒரு தென்னங்குச்சியைக் கட்டத்தின் உயரத்துக்கு உடைத்துக்கொண்டு முந்தானையிலிருந்து வைத்து வைத்துப் போனேன். கொஞ்ச தூரம் குச்சி சரியாக நிற்கிறது. அப்புறம் கட்டம் குட்டையாகிறது. மறுபடி நீளம், மறுபடி குட்டை. இழை எண்ணிக்கை ஒன்றுதான், எண்ணிப் பார்த்துவிட்டேன். குறுக்கே ஓடுகிற ஊடை இழையை இழுத்து அடிக்கிற அடிதான் வேறு. ஒரு கை லேசாக அடிக்கிறது, ஒரு கை அழுத்தி அடிக்கிறது. கட்டமில்லாத வெற்றுடல் புடவையில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. கட்டத்தில் பல்லிளிக்கிறது.

திரும்பி வந்தது அத்தனையும் ஒரே வீட்டுச் சரக்கு. உன் தங்கை லீலா வீடு.

உன் மச்சான் ஜெயவேல் என் பாவில் நெய்ய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. தறி அவன் வீட்டில் இருக்கிறது, பட்டு என்னுடையது. அந்த ஆறு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அவன் புடவையை வாசலுக்குக் கொண்டு வருவான், நான் வாசலில் வாங்கிக்கொள்வேன். அவன் வா என்று சொன்னதில்லை, நானும் போக நினைத்ததில்லை. தறியில் யார் உட்காருகிறார்கள் என்று பட்டுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. ஊர் வழக்கம் எனக்கு வைத்த ஆப்பு அது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நின்று கேட்டேன். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான். பேசியது லீலாதான்.

“அண்ணா, அவருக்கு மதியானத்துக்கு மேல மூச்சு வாங்குது. தறி சும்மா கெடந்தா அடுப்பு எரியுமா? நான்தான் நெய்துகினு இருக்கேன். எந்த மொதலாளி கண்ணுலயும் படல. இந்தக் கட்டம் வந்துதான் காட்டிக் குடுத்துச்சு.”

உனக்கு இது முன்னமே தெரியும். குச்சி வைக்காமலே தெரிந்திருக்கும். ஆமாவா இல்லையா?

எல்லப்பன்


சென்னை
5-3-1979

எல்லப்பா,

ஆமாம்.

சின்ன வயதில் அப்பா வந்தவாசிக்குப் போகிற நாளெல்லாம் லீலா தறியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். திட்டினாலும் இறங்க மாட்டாள். அந்த அழுத்தமான அடி என் காதிலேயே இருக்கிறது. உன் புடவையைத் தடவின உடனே தெரிந்துவிட்டது.

ரெண்டு கை என்று சீட்டில் எழுதினால் முதலாளி எந்தக் கை என்று கேட்பார். எங்கள் கடையில் ஒவ்வொரு பட்டுப் புடவையோடும் நெய்தவர் பெயர் எழுதிய அட்டை வைத்துத்தான் விற்போம், கடைக்கே அதுதான் பெருமை. ஜெயவேல் பெயர் போட்ட புடவையை வேறு யாரோ நெய்தார் என்றால் அது கடைக்கு அவமானம். அதனால்தான் ஒற்றை வார்த்தையில் நிறுத்தினேன். உன்னைக் காப்பாற்றவும்தான்.

வழி சுலபம். அவளைத் தறியிலிருந்து எழுந்திருக்கச் சொல். ஜெயவேல் தன்னால் முடிந்த வரைக்கும் நெய்யட்டும், மீதியை வேறு ஆண் யாரிடமாவது கொடு. நம் ஊரில் எத்தனை நெசவாளிகள் இல்லை?

மனம் விட்டு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் தெருவில் பெண்கள் நூல் சுற்றுவார்கள், நாடாவுக்குத் தார் போடுவார்கள். யாரும் கூலி நெசவுக்கு உட்காருவதில்லை. என் தங்கை கூலிக்கு நெய்கிறாள், அதுவும் உன் பாவில் நெய்கிறாள் என்று வெளியே தெரிந்தால் நான் ஊருக்குள் எப்படி வருவது?

ராஜவேலு


ஆரணி
19-3-1979

ராஜவேலு,

‘அதுவும் உன் பாவில்.’

இதைப் படித்துவிட்டு மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டேன். ரெண்டு நாள் வெளியே எடுக்கவில்லை. கோபிக்காதே என்று நீயே எழுதிவிட்டதால் கோபிக்கவில்லை. கணக்கில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

உங்கள் தெருவில் பெண்கள் தறியில் உட்காருவதில்லையா? மதிய நேரத்தில் அந்தத் தெருவில் நடந்து பார். சாத்தின கதவுக்குள்ளே நாடா ஓடுகிற சத்தம் கேட்கும். புருஷன்மார்கள் டீக்கடையில் இருப்பார்கள். உட்காருகிறார்கள், பெயர்தான் இல்லை. 

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், யாரோ சொல்லித் தெரியவேண்டாம். அவளை எழுந்திருக்கச் சொல்லத்தான் போனேன். உண்மையை எழுதுகிறேன், ஆர்டர் போய்விடுமே என்கிற பயத்தில் நீ சொன்ன வழியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று பாதி சொல்லும்போதே அவள் மறித்தாள்.

“ரெண்டு கை ஒரு பொடவைல ஒட்டாதுன்னா ஒத்துக்கறேன். அப்ப எனக்குத் தனியா ஒரு தறி குடுங்க. மொதல்ல இருந்து முடிவு வரைக்கும் நான் நெய்யறேன். கட்டம் ஏறுச்சா எறங்குச்சான்னு அப்ப பாருங்க. அண்ணனுக்குக் குறை தெரிஞ்சா எனக்கு எழுதட்டும். உங்களுக்கு எதுக்கு எழுதறாரு?”

வியாபாரிக்கு இதைவிட நியாயமான பேச்சு இல்லை. ஒரு செட்டியார் தோட்டத்தில் பழைய தறி கிடந்தது, வாங்கிவிட்டேன். ஜெயவேல் தறிக்குப் பக்கத்தில் இறக்கியாயிற்று. கூலி லீலா கையில், லீலா பெயரில்.

இறக்கும்போது கால் வைக்கிற தறிக்குழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. “வெளிய நின்னா எப்படிங்க தெரியும்? உள்ள வாங்கண்ணா” என்றாள். போனேன்.

எல்லப்பன்


சென்னை
2-4-1979

எல்லப்பா,

பரசுராமன் முதலியார் இங்கே கடைக்கே வந்துவிட்டுப் போனார். ஊரில் பெரிய பட்டு வியாபாரி, என் அப்பாவுக்கு வேலை கொடுத்தவர், அவர் வந்து நின்றால் நான் எழுந்து நிற்கத்தான் வேண்டும். நீ தெருவுக்குள் தறி இறக்கினாய், வீட்டுக்குள் ஏறினாய், பெண் பெயரில் கூலி எழுதுகிறாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாயம் போடுகிறவரிடம் பேசிவிட்டாராம். உன் நூலை இனி அவர் தொட்டியில் போடமாட்டார். ஜெயவேலுக்கு இனி யாரும் பாவு தரமாட்டார்கள்.

சதுரங்கம் ஆடினவன் என்ற முறையில் சொல்கிறேன், பின்வாங்குவதும் ஒரு நகர்த்தல்தான். தறியைப் பிரித்துவிடு. இந்த வருஷம் போகட்டும். முதலியாரிடம் நான் பேசி உன் பழைய வியாபாரத்தைத் திரும்ப வாங்கித் தருகிறேன்.

அவள் எனக்கு ஒரு கடிதம் கூடப் போடவில்லை. ஏன் என்று கேட்டாயா?

ராஜவேலு


ஆரணி
20-5-1979

ராஜவேலு,

சாயக்காரர் கையை விரித்தது உண்மை. நூலைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப்போய் சாயம் போட்டு வந்தேன். பஸ்ஸில் சாக்கு மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் கேட்டுப் பேஜார் பண்ணினான். நிறம் முன்னைவிட நன்றாக இருக்கிறது. முதலியாரைப் பார்த்தால் நன்றி சொன்னதாகச் சொல்.

எனக்குச் சதுரங்கம் தெரியாது. களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கின காலத்தில் சாப்பாட்டு நேரத்தில் தரையில் கரியால் கோடு போட்டு ஆடுபுலி ஆடுவோம். ஆடு புலியை வெட்ட முடியாது. ஒன்றையொன்று ஒட்டி நின்று, புலி நகர இடமில்லாமல் மடக்கலாம். அதில் பின்வாங்கின ஆடு செத்துப்போகும். எனக்குத் தெரிந்த ஆட்டம் அதுதான்.

உன் நூலகத்துச் சமாசாரத்தை லீலாவுக்குச் சொன்னேன். ராஜாவுக்கு ஆபத்து என்று சொல்ல யாருக்கு உரிமை, மந்திரிக்கா தளபதிக்கா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். உனக்குக் கடிதம் போடாததற்குக் காரணம் கேட்டேன். “எழுத இன்னா இருக்குது? பொடவையக் கொண்டுபோய்க் காட்டறேன், படிச்சிக்கட்டும்” என்றாள்.

ரெண்டு புடவை முடிந்துவிட்டது. நான் கொண்டு வரவில்லை, லாரியிலும் போடவில்லை. வருகிற வியாழக்கிழமை அவளே முதல் பஸ்ஸில் வருகிறாள். பின்னறையில் எடுத்துப்போய்ப் பார்க்கிற வேலை வேண்டாம். கடையில் பாய் போடு. அவள் எதிரே உட்காருவாள். நீ பிரி. குறை இருந்தால் விரல் வைத்துக் காட்டு.

எல்லப்பன்


சென்னை
26-5-1979

எல்லப்பா,

முதலில் அவள் கேட்டதற்குப் பதில். சதுரங்கத்தில் ராஜாவைத் தவிர எந்தக் காயும் சொல்லலாம். மந்திரி, யானை, குதிரை என்றில்லை. முன்வரிசையில் நிற்கிற சிப்பாயும் ராஜாவை நிறுத்தலாம். இதை அவள் நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. செய்து காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முகூர்த்தக் கூட்டம். கல்யாண வீட்டார் நிரம்பிக் கிடந்தார்கள். அவள் நேராக நடுப்பாய்க்கு வந்து, என்னைப் பார்த்து, ஊர்க்காரனைக் கேட்பது போல “சௌக்கியமாண்ணா” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னேன். 

“இங்கயே பிரிங்க. நான் எதிர்க்க உக்காந்துகினு பாக்கறேன்.”

பிரித்தேன். கட்டம் கட்டமாக விரல் வைத்துக்கொண்டு போனேன். முந்தானையிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே அடி. நான் மெதுவாகப் போனேன், குறை தேடி அல்ல. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று. கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி ஓரத்தைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு விலை கேட்க ஆரம்பித்துவிட்டாள். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்து, யார் நெசவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லீலா, “நான் நெய்தது. லீலான்னு எழுதிக்குங்க” என்றாள்.

முதலாளி நல்லவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புடவை பிரமாதம், எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன், அட்டையில் மட்டும் வீட்டுக்காரர் பெயர் இருக்கட்டும், வாங்க வருகிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றார்.

“அப்ப அவரு நெய்ததத் தேடி வாங்கிக்குங்க” என்று சொல்லி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா ஓரத்தை விடவில்லை. “விடுங்கம்மா, இது விக்கறதுக்கு இல்ல, காட்டறதுக்கு வந்தது” என்று அவள் கையிலிருந்து உருவிக்கொண்டாள். பையில் வைத்தாள். போய்விட்டாள்.

கடை அப்படியே நின்றது. முதலாளி என்னிடம், உன் ஊர்ப் பெண்தானே, கூப்பிட்டுப் புத்தி சொல் என்றார். எல்லப்பா, இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

“ஊர்ப் பெண் இல்லீங்க. என் தங்கச்சி. பேரை எழுதினாத்தான் சரக்கு வரும். நான் கூப்புட மாட்டேன்” என்றேன்.

கல்யாண வீட்டார் எல்லாரும் கேட்டார்கள். முதலாளி கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். ரெண்டு நாளாக என்னிடம் பேச்சு இல்லை. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

உன் பாவைப் பற்றி நான் எழுதிய அந்த வரியைக் கிழித்துப்போடு.

ராஜவேலு


ஆரணி
11-6-1979

ராஜவேலு,

அந்த வரியைக் கிழிக்க மாட்டேன். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இப்போது வந்த உன் கடிதத்தை வைத்துக்கொள்கிறேன். ரெண்டும் உன் கைதான். அடி வேறு.

உன் முதலாளி கடிதம் போட்டிருக்கிறார். எனக்கு இல்லை, லீலாவுக்கு. கவரில் அவள் பெயர், தெருப் பெயர், ஆரணி என்று டைப் அடித்து வந்தது. போஸ்ட்மேன் தெருமுனையிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். அந்தக் கல்யாண வீட்டு அம்மா மூன்று தடவை கடைக்கு வந்து அதே கட்டம்தான் வேண்டும், அதே கைதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அட்டையில் லீலா என்றே போடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். உன் வேலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் சரக்கு பார்க்க ‘எங்கள் ராஜவேலு வருவார்’ என்று எழுதியிருக்கிறார். புரிந்துகொள்.

லீலா சம்மதம் சொல்லிவிட்டாள், ஒரு ஷரத்தோடு. இனிமேல் சரக்கு பட்டணம் வந்து சோதனைக்கு உட்காராது. சோதனைதான் ஆரணிக்கு வந்து உட்கார வேண்டும். நெய்தவள் எதிரே, பட்டுக்காரன் எதிரே.

முதலியார் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சாயத்துக்கு இன்னும் காஞ்சிபுரம்தான் போய் வருகிறேன். போகட்டும். பக்கத்து வீட்டு சாவித்திரி மட்டும் நேற்று வந்து, தனக்கும் ஒரு தறி கிடைக்குமா என்று கேட்டாள். கதவைச் சாத்தாமல் கேட்டாள்.

இதை உன் தங்கை வீட்டுக் கூடத்தில், பாயில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். ஜெயவேல் காப்பி கொண்டுவந்து வைத்தான். நீ வந்தால் உட்காரவும் இதே பாய்தான், எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. தெரு பார்க்கும். பார்க்கட்டும்.

சனிக்கிழமை வா. குண்டூசியை அங்கேயே வைத்துவிட்டு வா.

எல்லப்பன்